இருபத்தெட்டாம் பக்கத்துக் கறுப்பு

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, தம்பி. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். முதலில் சொல்ல வேண்டியது எனக்குக் கடைசியில்தான் ஞாபகம் வரும். "நீ கதை சொன்னா கொலைகாரன் முதல் பக்கத்துலயே வந்து கும்புடு போட்டுருவான்" என்று எங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். அதனால் எங்கேயாவது குழப்பினால் நிறுத்திக் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆமாம், ஓவியர் காளிராஜனின் சம்சாரம்தான். சங்கரேஸ்வரி என் பெயர். எழுந்திருக்காதீர்கள். நீங்கள் எழுந்தால் நானும் எழ வேண்டியிருக்கும்; சிவகாசியிலிருந்து விருதுநகர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன், முழங்கால் கேட்காது. இல்லை, அவர் வரவில்லை. நான் வந்தது அவருக்குத் தெரியாது. இந்தப் புத்தகக் கண்காட்சியில் 'உக்கிரன் வாசகர் வட்டம்' என்று ஒரு கடை போட்டிருக்கிறார்கள் என்று அவரே போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நேராக உங்களிடம் வரத் தைரியம் இல்லை. சமையல் புத்தகக் கடையில் கொஞ்ச நேரம், சாமி புத்தகக் கடையில் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம்தான் வந்தேன். வந்து பார்த்தால் உங்கள் தலைக்கு மேலே அந்தப் படம்.

எவ்வளவு பெரிதாக்கிக் கட்டிவிட்டீர்கள். வீட்டில் அது என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது.

கடைக்கு வந்திருந்த ஒரு பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் நீங்கள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "மனுஷனும் மிருகமும் வேற வேற இல்லன்னு ஓவியர் ஒரே கட்டத்துல சொல்லிட்டாரு சார், தமிழ்ல இதுக்கு முன்னாடி எவனும் செஞ்சதில்ல" என்றீர்கள். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு சொல்லாமல் போகலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நாளைக்கு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரப்போகிறீர்கள். அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த படக்கதைதான். இருந்தாலும் வரிசையாகப் போனால்தான் எனக்கு வரும்.

தணிகைநாதன் மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவன். கண்ணாடி போட்டிருப்பான், குனிந்து நடப்பான், எறும்புக்குக்கூட வழிவிடுவான். வீடு வீடாகப் போகிறவன் என்பதால் எல்லா வீட்டு அநியாயமும் அவன் கண்ணில் படும். பார்த்துப் பார்த்துப் பொறுப்பான். பத்தொன்பதாம் பக்கத்தில் பொறுக்க முடியாமல் போகும். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் வைப்பான். அவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் உடம்பு பனைமர உயரத்துக்கு வளர்ந்து கரிக்கட்டை மாதிரி கறுத்துவிடும். கண் இரண்டும் சிவப்பு. உக்கிரன் வந்துவிட்டான். அப்புறம் இருபத்தேழாம் பக்கம் வரைக்கும் அடி, உதை, கூரை பறக்கும், லாரி கவிழும். இருபத்தெட்டில் கோபம் வடிந்து பழையபடி தணிகைநாதனாகிக் கீழே உட்கார்ந்து "கொஞ்சம் தண்ணி" என்பான். முப்பத்திரண்டில் முடியும். கறுப்பும் சிவப்பும் மட்டும்தான். மூன்றாவது கலருக்குச் செலவழிக்கப் புத்தகம் போடுகிற முதலாளிக்கு மனசு வராது.

அந்தக் கறுப்பு என்னுடையது.

அதுதான் நான் சொல்ல வந்ததில் பாதி. அவர் பென்சிலில் போட்டு, மையில் கோடு இழுத்துத் தருவார். எங்கெங்கே முழுக் கறுப்பு வர வேண்டுமோ அங்கங்கே பொடியாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். நான் பிரஷை எடுத்து, குறி போட்ட இடத்தையெல்லாம் கோட்டைத் தாண்டாமல் நிரப்ப வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் தீப்பெட்டி லேபிள் ஒட்டின கை. சுலபமாக வந்துவிட்டது. உக்கிரன் உடம்பில் ஒரு மயிரிழை வெள்ளை தெரியாது. "உன் கை மிஷின்டி" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் முதுகு வலிக்க உட்கார்ந்திருப்பேன். புத்தகத்தில் என் பெயர் வராது. வர வேண்டும் என்று நானும் நினைத்ததில்லை. கறுப்பு அடித்ததற்குப் பெயர் போடுவார்களா என்ன.

இரண்டு மாதத்துக்கு ஒரு புத்தகம். எங்கள் வீட்டில் நாளும் கிழமையும் பக்கக் கணக்கில்தான் போகும். அக்கா சாத்தூரிலிருந்து "வரட்டுமா?" என்று கேட்டால், "இப்போ பன்னெண்டாம் பக்கம்தான் போகுது, தாராளமா வா" என்பேன். அவளுக்கு அது ஏதோ அச்சகத்துப் பேச்சு என்று தோன்றியிருக்கும். ஒன்றிலிருந்து பதினெட்டு வரைக்கும் எங்கள் வீடு மாதிரி வீடு தெருவில் கிடையாது. சினிமாவுக்குக் கூட்டிப்போவார். பூ வாங்கி வருவார். நான் துணி காயப்போட்டால் கிளிப் எடுத்துக் கொடுப்பார்.

பதினெட்டு முடிந்த அன்றைக்கு நான் கண்ணாடித் தம்ளரையெல்லாம் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிடுவேன். அரிவாள்மனையை உரலுக்குப் பின்னால் போட்டுவிடுவேன். காதுத்தோட்டைக் கழற்றிவிடுவேன், ஒரு தடவை காது கிழிந்ததிலிருந்து. பக்கத்து வீட்டில் கேட்டால், "அவரு இப்போ உக்கிரன் வரையுறாரு" என்று சொல்வேன். அவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். பெரிய வேலை அல்லவா.

அவருடைய மேஜைக்கு நேரே ஜன்னல் ஓரம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருந்தார். உக்கிரன் முகத்துக்கு அவர் முகத்தைத்தான் பார்த்து வரைவார். "முகம் வர மாட்டேங்குது சங்கரி" என்பார். பல்லைக் கடித்துப் பார்ப்பார், கண்ணை உருட்டிப் பார்ப்பார். வராது. வராவிட்டால் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே வருவார். குழம்பில் புளி கூட. இல்லாவிட்டால் தண்ணீர்க் குடத்தை மூடவில்லை. இல்லாவிட்டால் நான் அவரைப் பார்த்த பார்வை சரியில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைப்பார். அது தெரிந்ததும் நான் முகத்தை மூடிக்கொள்வேன்.

முடிந்ததும் ஓடிப்போய் அந்த முகக் கண்ணாடி முன்னால் நிற்பார். வெட்கப்பட்டுத் தன்னையே பார்த்துக்கொள்கிறார் என்று நினைப்பேன். பரிதாபமாக இருக்கும். பாவம், எத்தனை பேருக்குத் தன் தப்பைக் கண்ணாடியில் பார்க்கிற மனசு வரும்? பார்த்துவிட்டு உடனே உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிடுவார்.

ஒன்று சொல்கிறேன், அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். வெளியே ஒருத்தரை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. முதலாளி நாலு பேர் முன்னால், "என்ன காளிராஜு, கை வரஞ்சிருக்கியா, கத்திரிக்கா வரஞ்சிருக்கியா?" என்று கேட்டாலும், "மாத்திடுறேங்க" என்று சிரித்துக்கொண்டே வருவார். சிரித்துக்கொண்டேதான் வாசல் வரைக்கும் வருவார். பொறுமைசாலி. தெருவில் இன்றைக்கும் அவருக்கு அந்தப் பெயர் உண்டு. என்னைத் தவிர யாரும் அவர் சத்தத்தைக் கேட்டதில்லை. எனக்கும்கூட தெய்வாதீனமாக ஒரு நாளும் வலது கையில் அடி பட்டதில்லை. பட்டிருந்தால் உங்களுக்குப் புத்தகம் வந்திருக்காது.

கல்யாணமான புதிதில் புத்தகமெல்லாம் இல்லை, சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்தார். அப்போதும் கோபம் உண்டு. ஆனால் அதற்குப் பெயர் கிடையாது. உக்கிரன் வந்த பிறகுதான் எனக்கு ஒரு நிம்மதி. ஓ, இது ஒரு வியாதி மாதிரி, வந்தால் அவர் அவராக இருக்க மாட்டார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று புரிந்துவிட்டது. அவரும் அப்படித்தான் சொல்வார். "கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியாது சங்கரி. எதிர்ல இருக்குறது ஆளா சுவரான்னு தெரியாது." நான்தான் தணிகைநாதனைச் சீண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது என் வேலை.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், ஞாபகம். முதல் ஐந்து புத்தகத்தில் தணிகைநாதனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். முப்பதாம் பக்கத்தில் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து அழுவான். ஆறாவது புத்தகத்திலிருந்து அழ மாட்டான். "என்ன நடந்துச்சு? நான் எங்க இருக்கேன்?" என்பான். அது ஏன் மாறியது என்று உங்கள் வட்டத்தில் பெரிய வாக்குவாதமே நடக்கிறதா? அடடா.

அந்த ஆறாவது புத்தகம் நடக்கும்போதுதான் எனக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. ஐந்தாவது வந்த மாதம் வேறொன்று நடந்தது. உண்டாகியிருந்தேன், தங்கவில்லை. அதை இப்போது வேண்டாம். மணிக்கட்டுக்கு அவரேதான் சைக்கிளில் வைத்து எலும்பு கட்டுகிற வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் மாவுக்கட்டு போடும்போது பக்கத்தில் குனிந்து, "என்னம்மா இது, எப்படி ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். வைத்தியர் கேட்கவில்லை, இவர் கேட்டார். முகத்தில் ஒரு சூது கிடையாது. நான் அவரையே பார்த்தேன். "பாத்ரூம்ல வழுக்கிருச்சு" என்றேன். "பாத்து நடக்கக் கூடாதா" என்றார். அடுத்த வாரம் கதையை மாற்றினார். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாசகர்களும் அப்படித்தான், உக்கிரனுக்கு ஞாபகம் இல்லை என்றதும் அவன்மேல் பாசம் இன்னும் கூடிவிட்டது. மூட்டை மூட்டையாகக் கடிதம்.

ஒன்பதாவது புத்தகம் உங்களிடம் இருக்கிறதா? பெண்டாட்டியை அடிக்கிற ஒருத்தனைத் தண்ணீர்த் தொட்டி உச்சியில் உக்கிரன் தலைகீழாகத் தொங்கவிடுவானே. எனக்கு அதுதான் பிடித்த புத்தகம். கறுப்பு அடித்துக்கொண்டே அழுதேன். எவ்வளவு நல்ல மனசு இருந்தால் அப்படி ஒரு கதை தோன்றும் என்று நினைத்தேன்.

தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள். போதும்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாவது புத்தகம், இருபத்தெட்டாம் பக்கம், மூன்றாவது கட்டம். சித்திரை மாதம். அன்றைக்கு மத்தியானம் நான்கு மணிக்கு அச்சகத்திலிருந்து ஆள் வந்து பக்கங்களை வாங்கிப்போக வேண்டும். காலையிலிருந்து நான் கறுப்பு அடிக்கிறேன். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று பக்கத்துக்குப் பக்கம் உக்கிரன். உக்கிரன் முதுகு, உக்கிரன் முஷ்டி, உக்கிரன் முகம். வியர்வை சொட்டி மை கலைந்துவிடக் கூடாது என்று நெற்றியில் துண்டைக் கட்டியிருந்தேன். இருபத்தெட்டு வந்தது. மூன்றாவது கட்டத்தில் ஒரு ஆள் கீழே உட்கார்ந்து தம்ளரில் தண்ணீர் குடிக்கிறான். அதையும் அடித்துவிட்டேன். தலையிலிருந்து கால் வரைக்கும். கையும் தம்ளரைப் பிடித்திருக்கிற விரலும்கூட கறுப்பு. அது தணிகைநாதன், தம்பி. அங்கே பெருக்கல் குறியே இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, சின்ன உடம்பாக, சாதுவாக உட்கார்ந்திருக்கிறான். நான் எப்படி அடித்தேன்?

அசதி என்று முதலில் நினைத்தேன். பிற்பாடு பல நாள் யோசித்தேன். முகத்தைப் பார்த்தேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் பிரஷை வைத்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவ்வளவுதான். மனுஷனும் மிருகமும் என்று நீங்கள் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கிற அந்த ஆளைப் பார்த்தபோதும் எனக்கு முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது. அப்படித் தோன்றினால் கறுப்பு. கை பழகிவிட்டது.

அவர் வந்து பார்த்தார். பக்கம் எங்கள் இருவருக்கும் நடுவில் சாய்வு மேஜைமேல் இருக்கிறது, மை இன்னும் மினுமினுவென்று ஈரம். கண்ணாடியைக் கழற்றினார். நான் முகத்தை மூடப் போனேன். அடி விழவில்லை. கொஞ்சம் தாமதமாகிறதே என்று விரல் இடுக்கில் பார்த்தேன்.

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு ஓரத்திலும் விரல் நுனியால் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். மை வழியாமல், தட்டு மாதிரி சமமாக. வாய் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாக ஊதினார். கைக்குழந்தைக்குச் சூட்டுப் பாலை ஆற்றுகிற மாதிரி, பூப்போல ஊதினார். நாலைந்து தடவை. ஒரு மூலையில் மை காய்ந்ததா என்று சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பீரோ உச்சியில், காற்று படாத இடமாகப் பார்த்து வைத்தார். திரும்பி வந்தார். வந்து அடித்தார்.

வலி எப்போதும் போலத்தான். ஆனால் எனக்கு அந்த ஊதினதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அடி விழ விழ நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பது ஆளா சுவரா என்று தெரியாதவருக்கு, மை காயவில்லை என்று தெரிந்திருக்கிறது. பீரோ பக்கம் காற்று வராது என்று தெரிந்திருக்கிறது. அப்படியானால் என்னையும் தெரிந்திருக்கிறது. எல்லா நாளும் தெரிந்திருக்கிறது.

அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பாகச் சொல்கிறேனா? சரி.

வெள்ளை போஸ்டர் கலர் பூசித் திருத்த நேரமில்லை. அச்சகத்து ஆள் சைக்கிள் மணி அடித்துவிட்டார். பக்கம் அப்படியே போய்விட்டது. புத்தகம் வந்த மறுவாரம் முதலாளியே கடிதங்களைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தக் கட்டத்துக்கு மட்டும் அத்தனை கடிதம். "காளிராஜு, நீ பெரிய ஆளுய்யா, எங்கிருந்து பிடிச்ச இத?" என்றார். இவர், "ரொம்ப நாளா மனசுல இருந்துச்சுங்க" என்றார். நான் காபி கொண்டு வந்து வைத்தேன். அதுகூடப் பரவாயில்லை. கறுப்பு அடித்தது என் கை, கோடு அவருடையது.

அதற்கப்புறம் நான் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். சிரிக்காதீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நான் உடனே ஈரப் பக்கம் ஒன்றைக் கையில் எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பேன். போலீஸ்காரர்கள் தடுப்புப் பலகை பிடிக்கிற மாதிரி. "கீழ வை" என்பார். "காயலைங்க" என்பேன். "வைடி கீழ." "காயலைங்க." அப்படியே நிற்போம். இரண்டு தடவை பலித்தது. மூன்றாவது தடவை குரலைத் தணித்து, "காஞ்சிருக்கும், கொண்டா பாப்போம்" என்று கையை நீட்டினார். அந்தக் குரலுக்கு நான் பழகினவள். கொடுத்துவிட்டேன்.

ஆடி மாதம் தினசரி காலண்டர் வேலை தொடங்கும். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் ஊரில் தேதித் தாளை அடுக்கி, தட்டி, கட்டு போடுகிறதெல்லாம் பெண்கள்தான். அச்சகத்தில் இடம் போதாது. காலண்டர் ஏஜெண்ட் சுப்பாராயலு தெருத்தெருவாக அகலமான ஹால் தேடிக்கொண்டு வந்தார். "வாடகை தர்றேன்மா, வெளிச்சமா இருந்தாப் போதும்" என்றார். எங்கள் வீட்டில் முன்ஹால் பெரிது. அவருடைய மேஜை இருக்கிற அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு தட்டிதான். "வாடகை வேணாம், நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றேன். அவரைக் கேட்கவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவரைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம். செய்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பத்துப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர் பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தார். என்னை உள்ளே கூப்பிட்டார்.

"யாரு இவங்கல்லாம்?"

"காலண்டர் வேலைக்குங்க. கார்த்திகை வரைக்கும்."

"எனக்குப் பத்தொன்பதாம் பக்கம் போகுது. போகச் சொல்லு."

"நான் வரச் சொல்லிட்டேனே. நீங்களே சொல்லிருங்க."

என்னைப் பார்த்தார். கண்ணாடியில் கை வைத்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் பேச்சியம்மாள், "ஏ மாரி, ஆடி பதினெட்டை ஆவணிக்குள்ள சொருகாதடி, வாங்குனவன் ரெண்டு தடவ பெருக்கு கும்புடுவான்" என்று சொல்லி, பத்துப் பேரும் சிரித்தார்கள். அவர் விடுவிடுவென்று ஹாலுக்குப் போனார். நான் அசையவில்லை. பத்துப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவரும் அவர்களைப் பார்த்தார். பேச்சியம்மாள், "என்ன அண்ணாச்சி?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. எல்லாரும் காபி குடிச்சாச்சா?" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் நான் ஹாலிலேயே பாயைப் போட்டுப் படுத்தேன். தலைமாட்டில் பேச்சியம்மாள் தேதி அடுக்கிக்கொண்டிருந்தாள். டப்டப்பென்று தாளைத் தட்டுகிற சத்தம், ஊர்ப் பேச்சு, யாரோ மருமகளைத் திட்டுவது. தூங்கிவிட்டேன். சாயங்காலம் எழுப்பும்வரை தூங்கினேன்.

பேச்சியம்மாளுக்கு வீடு இல்லை. மகன் வெளியே அனுப்பிவிட்டான். "இங்கேயே படுத்துக்கோயேன்" என்றேன். அவளுக்கு உபகாரம் செய்கிறேன் என்று அவள் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தொன்றாவது புத்தகம் எப்படி இருக்கும்? சொல்லுங்கள். உக்கிரன் வரவே மாட்டான். தணிகைநாதன் கண்ணாடியில் கை வைப்பான், எடுத்துவிடுவான். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். முப்பத்திரண்டு பக்கமும் அப்படியே. உங்கள் வட்டத்தில் அதை அகிம்சை என்று பேசுகிறார்களாமே. அகிம்சை இல்லை தம்பி. அவர் முகக் கண்ணாடி முன்னால் இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்தார். முகம் வரவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் இருந்தார்கள். முதலாளி இருபத்திரண்டுக்கு வேறு கதை போட்டுக்கொண்டார். உக்கிரன் அத்தோடு நின்றான். உங்கள் உக்கிரனை நிறுத்தினவள் நான்தான். அதைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. நீங்கள் பத்து வயதில் அடுத்த புத்தகத்துக்காகத் தபால்காரரிடம் ஓடினேன் என்றீர்களே, அதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாகிவிட்டது.

கார்த்திகை முடிந்ததும் நோட்டுப் புத்தகம் மடிக்கிற வேலையை வாங்கிவிட்டேன். அது முடிந்தால் மறுபடி காலண்டர். இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. ஒரு நாள் ஹால் காலியாக இருந்ததில்லை. அவர் பள்ளிக்கூட அட்லஸுக்கும் பாடப் புத்தகத்துக்கும் படம் போட்டார். மாம்பழம், மயில், மழைநீர் சேகரிப்பு. நன்றாகத்தான் போட்டார். இருபத்தெட்டு வருஷமாக ஒரு அடி கிடையாது. அவர் மாறிவிட்டார் என்று அக்கா சொல்கிறாள். எனக்கும் அப்படி நினைக்க ஆசைதான். அறுபத்து நான்கு வயது, சர்க்கரை, இடது கண்ணில் புரை. இன்னும் என்ன செய்துவிடப் போகிறார்?

போன வாரம் நீங்கள் போன் செய்தீர்கள். உக்கிரன் வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது, வாசகர்களுக்காக உக்கிரனின் இருபத்திரண்டாவது புத்தகம் வரைந்து தர வேண்டும் என்று. அவர் அழுதுவிட்டார், தெரியுமா? சந்தோஷத்தில். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்துவிட்டுப் பரணிலிருந்து அந்த முகக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். அப்புறம் என்னிடம் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "சங்கரி, ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஹாலைக் காலி பண்ணிரு. இந்தக் கூட்டத்துல முகம் வராது. பேச்சியம்மாளையும் வேற எங்கயாச்சும் இருக்கச் சொல்லு" என்றார்.

"சரிங்க" என்றேன். அந்தக் குரலுக்கு இன்னமும் என் வாய் சரி என்றுதான் சொல்கிறது.

நான் உங்களிடம் வரைய வேண்டாம் என்று கேட்க வரவில்லை. அப்படிக் கேட்டால் நீங்கள் அவரிடம் கேட்பீர்கள், அவர் என்னிடம் கேட்பார். வரையட்டும். அவருக்கும் ஆசை இருக்காதா? நாளைக்கு வந்து பேசி முடியுங்கள். உங்கள் வட்டத்திலிருந்து எத்தனை பேர் வருவீர்கள்? நாலு பேரா? இன்னும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சாப்பாடு போடுகிறேன். பக்கம் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க அடிக்கடி வாருங்கள், சொல்லாமல் கொள்ளாமல் வாருங்கள், பத்தொன்பதாம் பக்கத்துக்கு மேலே தினமும்கூட வாருங்கள்.

மூன்று மணியாகிவிட்டதா? பஸ் போய்விடும்.

காலையில் இங்கே வருகிற வழியில் சுப்பாராயலு மகனைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது அவன்தான் ஏஜெண்ட். கார்த்திகை அல்லவா, ஆள் கிடைக்காமல், இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருக்கிறான். ஹாலோடு அவர் வரைகிற அறையையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். நடுவில் இருக்கிற தட்டியை எடுக்க இன்றைக்கே ஆசாரி வருகிறார். பத்துப் பேர் இல்லை, இருபத்தைந்து பேர், விடிந்ததும் வந்துவிடுவார்கள். அவர் மேஜையைச் சுற்றித்தான் உட்கார வேண்டியிருக்கும்.

நாளைக்கு நீங்கள் வரும்போது வாசலில் செருப்பு விட இடம் இருக்காது, தம்பி. கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள்.